லினக்ஸ்ல விஆர் ஹெட்செட் ஓடுமா? விண்டோஸ் போடாம கிளையண்ட்ட வீட்டு மாடலுக்குள்ள நடக்க வைக்கணும்

மனையடி:

வணக்கம்ங்க எல்லாருக்கும். நான் கோயம்புத்தூர்ல வீட்டு பிளான், இன்டீரியர் வேலை பண்ணிட்டு இருக்கேன். ஆறு வருஷமா குபுண்டு லினக்ஸ் தான், மாடல் எல்லாம் பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல, விண்டோஸ் பக்கம் போறதே இல்ல, போகணும்னு ஆசையும் இல்லீங்க.

இப்ப விஷயம் என்னன்னா மச்சான் துபாய்ல இருந்து வரும்போது மெட்டா கம்பெனியோட குவெஸ்ட் 3 விஆர் ஹெட்செட் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, நான் கேட்டு வாங்கச் சொன்னது தான். ஏன்னா நம்ம கிளையண்ட்டுங்களுக்கு பிளான் பேப்பர்ல புரியறதே இல்ல, ரெண்டர் எடுத்துக் காட்டுனா நல்லா இருக்குன்னு தலையாட்டிட்டு போயிடறாங்க, கட்டி முடிச்சு கிரானைட் எல்லாம் ஒட்டுனதுக்கப்புறம் தான் இது ஏன் இவ்ளோ உசரம், அது ஏன் இவ்ளோ இடுக்குன்னு கேள்வி வருது. போன வருஷம் ஒரு வீட்ல ஸ்டோர் ரூம் கதவத் தொறந்தா ஃபிரிட்ஜ் கதவுல போயி இடிக்குது, பிளான நாலு பேரு உக்காந்து பாத்தோம், ஒருத்தர் கண்ணுலயும் படல. கதவு நிலைய பேத்து எடுத்து மாத்தி வெச்சோம், அந்த வீட்டுக்காரர் மூஞ்சிய இப்ப நெனச்சாலும் கஷ்டமா இருக்கு. கட்டறதுக்கு முன்னாடியே ஆள உள்ள நடக்க விட்டுட்டா இந்தப் பிரச்சனையே வராது இல்லீங்களா.

ஆனா ஹெட்செட்ட பிசியோட இணைக்க மெட்டா குடுக்கற சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு மட்டும் தான் இருக்கு. தேடிப் பாத்தா ஏஎல்விஆர்ங்கறாங்க, விவ்ரன்ங்கறாங்க, மொனாடோ, ஸ்டீம்விஆர், ஓப்பன்எக்ஸ்ஆர்னு அஞ்சாறு பேரு வருது, எது எதுக்கு மேல உக்காருது, எத எறக்கணும், எது வேண்டாம், ஒண்ணும் பிடிபடல. பிசி கடைல கேட்டா இதெல்லாம் லினக்ஸ்ல நடக்காது, விண்டோஸ் போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க. ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம் வெச்சிருக்கேன். கேம் எதுவும் ஆடப்போறதில்ல, பிளெண்டர் சீன உள்ள நின்னு பாத்தா போதும்ங்க. நடக்குமா நடக்காதா, நடக்கும்னா எங்க இருந்து ஆரம்பிக்கறது?


நள்ளிரவு_கர்னல்:

நடக்கும் ப்ரோ. கடைக்காரர் சொன்னத விடுங்க, உங்க கிட்ட ஏஎம்டி கார்டு இருக்கு, தனியா ஓடற ஹெட்செட் இருக்கு, லினக்ஸ்ல விஆருக்கு இப்ப இருக்கறதுலயே சுலபமான ஜோடி இதுதான்.

முதல்ல அந்தப் பேருங்கள ஒழுங்கு பண்ணிக்கலாம், அது புரிஞ்சுட்டா மீதி எல்லாம் கைப்பழக்கம். பிளெண்டர் மாதிரி ஒரு ஆப்புக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவுல ரன்டைம்னு ஒண்ணு இருக்கும், தலை எங்க திரும்புதுன்னு ஆப்புக்கு சொல்றதும், ஆப் வரைஞ்ச ரெண்டு கண்ணு படத்த லென்ஸுக்கு தக்க வளைச்சு ஹெட்செட்டுக்கு அனுப்பறதும் அதோட வேலை. முன்னாடி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ரன்டைம், ஒரு பாஷை. 2019 ஜூலைல குரோனோஸ் குரூப் ஓப்பன்எக்ஸ்ஆர் 1.0னு ஒரு பொதுப் பாஷைய வெளியிட்டாங்க, அந்தப் பாஷை பேசற ஆப்பு அதே பாஷை பேசற எந்த ரன்டைமோடயும் ஓடும். மொனாடோங்கறது அந்தப் பாஷைய பேசற ஓப்பன்சோர்ஸ் ரன்டைம், அதே 2019ல கொலபோரா கம்பெனி ஆரம்பிச்சது. விவ்ரன் அந்த மொனாடோ மேல கட்டுனது, பிசி வரைஞ்ச படத்த வீடியோவா சுருக்கி வைஃபைல குவெஸ்ட்டுக்கு அனுப்பும், குவெஸ்ட் தலை எங்க இருக்கு, கை எங்க இருக்குன்னு திருப்பி அனுப்பும். ஏஎல்விஆரும் அதே வேலைய பண்றது தான், ஆனா அது ஸ்டீம்விஆருக்குள்ள, அதாவது ஸ்டீம் கேம் கடை நடத்தற வால்வ் கம்பெனியோட விஆர் ரன்டைமுக்குள்ள, டிரைவரா உக்காந்து பண்ணும். உங்களுக்கு கேம் வேண்டாம், ஸ்டீமே தேவையில்ல, அதனால கண்ண மூடிட்டு விவ்ரன் போடுங்க.

பிளாட்ஹப்ங்கற லினக்ஸ் ஆப் ஸ்டோர்ல விவ்ரன் இருக்கு, போட்டு திறந்தா அதுவே கைய பிடிச்சு கூட்டிட்டு போகும். ஹெட்செட் பக்கம் மெட்டா ஸ்டோர்லயே விவ்ரன் ஆப் கிடைக்குது. இங்க ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க, பிசில இருக்கற வெர்ஷனும் ஹெட்செட்ல இருக்கற வெர்ஷனும் ஒண்ணா இருக்கணும், ஒரு பக்கம் தானா அப்டேட் ஆயி இன்னொரு பக்கம் பழசாவே நின்னுட்டா கனெக்ட் ஆகாது, ஆள் முன்னாடி டெமோ காட்டற அன்னைக்கு தான் சரியா அப்படி நடக்கும். டெமோவுக்கு முன்னாடி நாள் ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க.

பிசிய ரவுட்டரோட லேன் கேபிள்ல சொருகுங்க, இதுல மட்டும் சோம்பேறித்தனம் வேண்டாம். ரெண்டு பக்கமும் வைஃபைன்னா காத்துலயே ரெண்டு தடவ பயணம், படம் திக்கித் திக்கி வரும். ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கணும், ரவுட்டர் அதே ரூம்ல இருந்தா இன்னும் நல்லது.

பிளெண்டர் பக்கம், விஆர் சீன் இன்ஸ்பெக்ஷன்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு, 2020ல 2.83 வந்தப்போ சேத்தாங்க, கன்ட்ரோலர் சப்போர்ட் 3.0ல வந்துச்சு. ஆட்-ஆன் பட்டியல்ல இல்லன்னா எக்ஸ்டென்ஷன்ஸ்ல தேடிப் போட்டுக்கோங்க. பிளெண்டரயும் பிளாட்ஹப்ல இருந்து பிளாட்பேக்கா போட்டு வெச்சிருந்தா அது தனி அறைக்குள்ள பூட்டி வெச்ச மாதிரி, வெளிய இருக்கற ரன்டைம் அதுக்கு தெரியாம போகலாம், பிளெண்டர் தளத்துல இருந்து நேரா டார் ஃபைலா இறக்கி ஓட்டறது உத்தமம். முதல்ல விவ்ரன ஓடவிட்டு ஹெட்செட்ட கனெக்ட் பண்ணிட்டு அதுக்கப்புறம் பிளெண்டர்ல விஆர் செஷன் ஆரம்பிங்க, மாத்தி பண்ணா ரன்டைம் கிடைக்கலன்னு எர்ரர் காட்டும்.

பிளெண்டரோட மெதுவான ரெண்டர் முறை சைக்கிள்ஸ வெச்சுட்டு உள்ள போலாம்னு நெனைக்காதீங்க, அது விஆருக்கு ஆகாது. வேகமான ஈவி, இல்லன்னா சாலிட் மோட். 90 ஹெர்ட்ஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 11 மில்லிசெகண்ட் தான் கைல இருக்கு, அதுக்குள்ள ரெண்டு கண்ணுக்கும் வரைஞ்சு முடிக்கணும், கண்ணாடி, திரைச்சீலை, நூறு லைட்டுனு போட்டு வெச்சிருந்தா கிளையண்ட்டுக்கு தலை சுத்தி வாந்தி வந்துடும். ஏஎம்டி கார்டு இன்னொரு வேலை காட்டும், ஃப்ரேமுக்கு நடுவுல ஓய்வு கெடைச்சதும் கிளாக்க எறக்கிக்கும், அதனால தேவையே இல்லாம திக்கும். அதுக்கு டிரைவர்லயே விஆர்னு ஒரு பவர் புரொஃபைல் இருக்கு, எல்ஏசிடிங்கற ஆப்ப போட்டு அதுல செலக்ட் பண்ணி விடுங்க, வித்தியாசம் அப்பவே தெரியும்.


கம்பிவழி:

மேல சொன்னது எல்லாம் சரி. நான் கம்பி ஹெட்செட் ஆளு, 2020ல இருந்து வால்வோட இண்டெக்ஸ் ஹெட்செட்ட லினக்ஸ்ல மட்டும் தான் ஓட்டறேன், அதனால இந்தக் கதை எங்க இருந்து வருதுன்னு கொஞ்சம் சொல்றேன், கேள்வி கேட்டவருக்கு நேரடியா உதவாட்டியும் லினக்ஸ்ல நடக்காதுங்கற பேச்சு எப்படி வந்துச்சுன்னு புரியும்.

குவெஸ்ட்டுக்கு முன்னாடியே ஹெட்செட் செஞ்ச ஆகுலஸ் கம்பெனி ஆரம்பத்துல டெவலப்பர்களுக்கு குடுத்த கிட்டுக்கு லினக்ஸ், மேக் ரெண்டுலயும் சப்போர்ட் இருந்துச்சு. 2015 மே மாசம், அவங்க ரிஃப்ட் ஹெட்செட் கடைக்கு வர்றதுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாடி, விண்டோஸ்ல கவனம் செலுத்தறோம், லினக்ஸ் மேக் வேலைய நிறுத்தி வெக்கறோம்னு அறிவிச்சாங்க. நிறுத்தி வெச்சது வெச்சது தான். 2017 பிப்ரவரில ஸ்டீம்விஆர் லினக்ஸ் பீட்டா வந்துச்சு, அங்க இருந்து தான் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு மூச்சு வந்துச்சு.

ஆனா உள்ள ஒரு பெரிய சிக்கல் இருந்துச்சு. கேபிள்ல சொருகற ஹெட்செட்ட கம்ப்யூட்டர் ரெண்டாவது மானிட்டர்னு நெனச்சுக்கும். அப்ப எல்லாம் ஹெட்செட்ட மாட்டுனா ஒரு கண்ணுல வால்பேப்பர் பாதி, இன்னொரு கண்ணுல மீதி, மவுஸ் எங்க போச்சுன்னே தெரியாது. ஜன்னல் மேனேஜர் நடுவுல புகுந்து ஃப்ரேம தாமதம் பண்ணும், விஆர்ல தாமதம்னா குமட்டல். இத சரி பண்ணுனது கீத் பேக்கர்ட், லினக்ஸ்ல ஸ்கிரீன்ல ஜன்னல் காட்டற எக்ஸ் விண்டோவுல பல வருஷம் வேலை பாத்தவரு, வால்வுக்காக இத எழுதுனாரு. அவரு கொண்டு வந்தது டிஆர்எம் லீஸ், பேருல இருக்கற மாதிரியே குத்தகை தான். டெஸ்க்டாப்பு அந்த ஒரு டிஸ்பிளேவ விஆர் புரோகிராமுக்கு குத்தகைக்கு விட்டுடும், அதுக்கப்புறம் டெஸ்க்டாப்பு அதத் தொடாது, புரோகிராம் நேரா ஹார்டுவேர்ல வரையும். கர்னல் 4.15, எக்ஸ் சர்வர் 1.20, ரெண்டும் 2018. எக்ஸுக்கு பதிலா வந்த வேலண்டுக்கு இதே ஏற்பாடு பின்னாடி தான் வந்துச்சு, கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப் 5.24ல 2022ல வந்ததும் நான் எக்ஸ விட்டுட்டு வேலண்டுக்கு மாறுனேன். மாறுன அன்னைக்கு ராத்திரி ஹெட்செட்ட மாட்டி லென்ஸ் இருட்டா இருக்கும்போது ஒரு பயம், டக்குனு அந்த வெள்ளை அறை தெரிஞ்சதும் அப்படி ஒரு சந்தோஷம்.

கம்பி ஹெட்செட் வாங்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஸ்டீம பிளாட்பேக்ல போடாதீங்க, ஸ்டீம்விஆர் முதல் தடவ ரூட் பாஸ்வேர்டு கேக்கும், அது படத்த ஹெட்செட்டுக்கு சேத்து அனுப்பற கம்பாசிட்டருக்கு முன்னுரிமை குடுக்கறதுக்கு, பிளாட்பேக்குக்குள்ள அந்த உரிமைய குடுக்க முடியாது. வேண்டாம்னு அழுத்திட்டு அப்புறம் ஆட்டமா இருக்குன்னு வந்து கேக்கறவங்க நெறைய பேரு. இன்னொண்ணு, ஹெட்செட் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க சுவத்துல மாட்டற பேஸ் ஸ்டேஷன் பெட்டிய ஆன் ஆஃப் பண்ண நான் போன்ல ப்ளூடூத்ல பேசற ஒரு ஆப் வெச்சிருக்கேன், நாள் பூரா மோட்டார் சுத்திட்டே இருந்தா ஆயுசு கொறையும்.

2020ல வால்வோட விஆர் கேம் ஹாஃப் லைஃப் அலிக்ஸ் மார்ச்ல வந்துச்சு, மே மாசமே லினக்ஸுக்கு நேட்டிவா குடுத்தாங்க. அப்புறம் 2025 நவம்பர்ல வால்வ் ஸ்டீம் ஃபிரேம்னு ஒரு ஹெட்செட்ட அறிவிச்சாங்க, அதுக்குள்ள ஓடறதே ஸ்டீம்ஓஎஸ், அதாவது தலைல மாட்டற சாதனமே லினக்ஸ் கம்ப்யூட்டர், ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப்புல. 2015ல கதவ சாத்துனப்போ நாங்க எல்லாம் எப்படி உக்காந்திருந்தோம்னு நெனச்சுப் பாத்தா, இது சாதாரண விஷயம் இல்ல.


பனைமரக்காடு:

நான் மேக் ஆள், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். எங்கட நிலைமை லினக்ஸ்காரரை விட மோசம் எண்டுதான் சொல்லோணும். 2017 ஜூனில அப்பிள் தங்கட மாநாட்டில ஹை சியரா எண்ட மேக் ஓஎஸ்ஸோட விஆர் வருது எண்டு அறிவிச்சு, ஸ்டீம்விஆரும் மேக்குக்கு வந்தது, நாங்களும் நம்பினம். 2020 ஏப்ரல் கடைசியில வால்வ் மேக் சப்போர்ட்டை நிப்பாட்டிட்டுது. 2024 பெப்ரவரியில அப்பிளின்ர விஷன் புரோ ஹெட்செட் வந்தது, ஆனா அது அப்பிளின்ர சொந்த உலகம், விலையும் எங்கட கைக்கு எட்டாது.

அப்ப நான் என்ன செய்யிறன் எண்டால், கொம்பியூட்டரை நடுவில இருந்து எடுத்துப்போட்டன். மனையடி அண்ணை, உங்களுக்கும் இது சரிவரும் எண்டு நினைக்கிறன், ஏனெண்டால் நீங்கள் கிளையண்ட்டின்ர வீட்டுக்கும் போகவேண்டி வரும், அங்க பிசியையும் ரவுட்டரையும் காவிக்கொண்டு போகேலாது தானே.

குவெஸ்டில இருக்கிற பிறவுசருக்கு வெப்எக்ஸ்ஆர் தெரியும், அதாவது வெப் பக்கத்தையே விஆரில காட்டும். பிளெண்டரில இருந்து மொடலை ஜிஎல்டிஎஃப் எண்ட 3டி ஃபைலாக எடுத்து, ஏ-ஃபிரேம் எண்டொரு லைப்ரரி இருக்கு, 2015இல மொசில்லாவில தொடங்கினது, ஒரு பத்துப் பதினைஞ்சு வரி எச்டிஎம்எல் எழுதினால் ஒரு பக்கம் ரெடி. ஹெட்செட்டில அந்த லிங்கைத் திறந்தால் மூலையில ஒரு கண்ணாடி அடையாளம் வரும், அமத்தினால் வீட்டுக்குள்ள நிப்பியள். மேக்கோ லினக்ஸோ விண்டோஸோ ஒண்டும் கேக்காது. எச்டிடிபிஎஸ் கட்டாயம் வேணும், வெறும் எச்டிடிபியில விஆர் பட்டனே வராது, நான் முதல் ரெண்டு நாள் அதிலதான் மினக்கெட்டனான்.

ஆனா ஒண்டு, இப்ப வரையிறது ஹெட்செட்டுக்குள்ள இருக்கிற ஃபோன் தரத்துச் சிப். பிளெண்டரில கிடக்கிற மாதிரி அப்பிடியே அனுப்பேலாது. முக்கோணங்களைக் குறையுங்கோ, சோபா குஷன் ஒண்டுக்கே ஒரு லட்சம் முக்கோணம் இருக்கிற மொடல் எல்லாம் இணையத்தில கிடைக்குது, அதை அப்பிடியே இழுத்துப் போட்டால் ஹெட்செட் மூச்சு வாங்கும். வெளிச்சத்தை முதலே கணக்குப் போட்டு, மேற்பரப்புப் படமான டெக்ஸ்சரிலயே பேக் பண்ணுங்கோ. நான் ஒரு சின்னக் கோயில் மண்டபத்தை இப்பிடிச் செய்து பெரியம்மாவுக்குக் காட்டினன், தூணுக்குப் பக்கத்தில போய் மேல நிமிந்து பாத்தவா, கன நேரம் அப்பிடியே நிண்டவா.

கூடச் செய்யோணும் எண்டால் கோடோ 4 எண்ட கேம் எஞ்சினைப் பாருங்கோ, ஓப்பன்எக்ஸ்ஆர் உள்ளயே இருக்கு, காசும் இல்லை. கதவைத் திறக்கிறது, லைட்டைப் போடுறது எல்லாம் அதில செய்யலாம்.


மனையடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேரு உக்காந்து எழுதுவீங்கன்னு நெனைக்கல. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன வெப் வழிய இந்த வாரக்கடைசில பண்ணிப் பாக்கறேன். முதல்ல விவ்ரன் போட்டேன், பிசில ஓடுது, ஹெட்செட்ல ஆப்பும் திறக்குது, ஆனா ஹெட்செட் லிஸ்ட்ல என் பிசி வரவே மாட்டேங்குது. ரெண்டு மணி நேரமா பாத்துட்டேன். வெர்ஷன் ரெண்டும் ஒண்ணு தான், சரி பாத்துட்டேன். பிசி லேன்ல இருக்கு, ஹெட்செட் வைஃபைல. வேற என்ன பாக்கணும்ங்க?


நள்ளிரவு_கர்னல்:

லிஸ்ட்லயே வரலன்னா ரெண்டுல ஒண்ணு. ஃபயர்வால் ஆன் பண்ணி வெச்சிருக்கீங்களா பாருங்க, குபுண்டுல இருக்கற யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஆன்ல இருந்தா 9757 போர்ட்ட டிசிபி, யூடிபி ரெண்டுக்கும் திறக்கணும், 5353 யூடிபியும் திறக்கணும். 5353 தான் நான் இங்க இருக்கேன்னு பிசி குரல் குடுக்கற வழி, அவாஹி சர்வீஸ் அதுல தான் பேசும், அதுவும் ஓடுதான்னு பாத்துக்கோங்க.

அதெல்லாம் சரியா இருந்தா ஹெட்செட் எந்த வைஃபைல இருக்குன்னு பாருங்க. நெறைய வீட்ல ரவுட்டர் ரெண்டு மூணு பேர்ல வைஃபை விடும், அதுல கெஸ்ட் நெட்வொர்க்ல ஹெட்செட்ட போட்டிருந்தா இன்டர்நெட் வரும், ஆனா வீட்டுக்குள்ள இருக்கற வேற மெஷின் கண்ணுக்கே தெரியாது, வேணும்னே அப்படி பிரிச்சு வெச்சிருப்பாங்க.

இது எதுவுமே ஆகலன்னா யூஎஸ்பி கேபிள் இருக்கு. ஹெட்செட்ல டெவலப்பர் மோட் ஆன் பண்ணி சொருகுனா விவ்ரன் கேபிள் வழியாவே பேசும். கிளையண்ட் உக்காந்துட்டே பாக்கறதுன்னா கேபிளே போதும், வைஃபை தலைவலியே இல்ல.

இன்னொண்ணு, இது உங்களுக்கு இல்ல, பின்னாடி படிக்கறவங்களுக்கு. ஃபெடோரா லினக்ஸ் வெச்சிருக்கறவங்க ஏஎம்டி கார்டுல படம் சுருக்கற வேலை சிபியு மேல விழுதுன்னு பாத்தீங்கன்னா, ஃபெடோரா 2022ல இருந்து தன்னோட மெசா கிராபிக்ஸ் டிரைவர் பேக்கேஜ்ல எச்.264, எச்.265ங்கற வீடியோ சுருக்கற முறை ரெண்டையும் எடுத்துட்டாங்க, பேட்டன்ட் காரணம். ஆர்பிஎம் ஃபியூஷன்ங்கற வெளி பேக்கேஜ் கிடங்குல ஃப்ரீவேர்ல்டுனு முடியற பேக்கேஜ மாத்திப் போட்டா சரியாயிடும்.


தூசிதட்டி:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், இந்த இழையத் தேடி இன்னும் நெறைய பேரு வருவாங்க, அவங்களுக்காக ஒண்ணு சொல்லிட்டு போறேன். மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி சாஃப்ட்வேர நம்பி ஓடுன பழைய ஹெட்செட் அலமாரில கெடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பர்ல இத கைவிடறோம்னு அறிவிச்சாங்க, விண்டோஸ் 11 24எச்2ல அந்தப் பகுதிய எடுத்துட்டாங்க. ஹெச்பி ரிவெர்ப் ஜி2 மாதிரி, ஒரு கண்ணுக்கு 2160க்கு 2160 இருக்கற நல்ல லென்ஸ் வெச்ச ஹெட்செட்டுங்க இதுல மாட்டிக்கிச்சு. பொருள் கெடல, கண்ணாடி கீறல் இல்ல, சாஃப்ட்வேர் மட்டும் இல்ல.

மொனாடோல இதுக்கு டிரைவர் இருக்கு. ஹெட்செட் கேமரா பாக்கறத வெச்சு தலை எங்க இருக்குன்னு கணக்கு போடறதுக்கு பசால்ட்னு ஒண்ணு, அது நல்லாவே வேலை செய்யுது. எல்லாத்தையும் கட்டி எடுக்க என்விஷன்னு ஒரு ஆப் இருக்கு, புரொஃபைல் தேர்ந்தெடுத்துட்டு டீ குடிச்சுட்டு வந்தா முடிச்சு வெச்சிருக்கும். கன்ட்ரோலர் தான் இன்னும் இழுபறி, அதுக்கு தனி கிளைல இருந்து எடுத்து கட்டணும், துல்லியமும் அவ்ளோ வராது. உக்காந்து சுத்திப் பாக்கற வேலைக்கு, விமானம் ஓட்டற, கார் ஓட்டற சிமுலேட்டருக்கு கன்ட்ரோலர் தேவையே இல்ல, அதுக்கு அருமையா இருக்கும். நான் செகண்ட்ஹேண்ட்ல ஒண்ணு வாங்கி ஏழு மாசமா ஓட்டறேன். செஞ்ச கம்பெனியே நிறுத்துன ஒரு பொருள, கோடு திறந்து கெடக்குதுங்கற ஒரே காரணத்துக்காக யாரோ முகம் தெரியாத ஆளுங்க ராத்திரி உக்காந்து உயிரோட வெச்சிருக்காங்க, அவங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

லினக்ஸ் விஆர் அட்வென்ச்சர்ஸ்னு ஒரு விக்கி இருக்கு, எந்த ஹெட்செட் எந்த அளவுக்கு ஓடும்னு அதுல பட்டியலே வெச்சிருக்காங்க. வாங்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாத்துடுங்க, விக்கறவர் எல்லா ஓஎஸ்லயும் ஓடும்னு சொல்றத மட்டும் நம்பி காசு குடுத்துடாதீங்க.


மனையடி:

வேலை ஆயிடுச்சுங்க!!

ஃபயர்வால் தான். எப்பவோ நானே ஆன் பண்ணி வெச்சு மறந்துட்டேன். மூணு போர்ட்டயும் திறந்தேன், அடுத்த செகண்ட் லிஸ்ட்ல பிசி பேரு வந்துடுச்சு, பின் நம்பர் கேட்டுச்சு, போட்டேன், உள்ள போயிட்டேன். முதல்ல படம் கொஞ்சம் மங்கலா இருந்துச்சு, பாத்தா ஹெட்செட் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல உக்காந்திருக்கு, 5க்கு மாத்துனதும் தெளிவாயிடுச்சு. எல்ஏசிடில விஆர் புரொஃபைல் போட்டதும் அந்த திக்கல் நின்னுடுச்சு.

உள்ள போனதும் இன்னொரு கூத்து, வீடு மலை மாதிரி நிக்குது, நான் நிலைப்படிக்கு கீழ எறும்பு மாதிரி நிக்கறேன். டிராயிங் மில்லிமீட்டர்ல இருந்து வந்தது, பிளெண்டர்ல ஒரு யூனிட்டு ஒரு மீட்டர், ஸ்கிரீன்ல பாக்கறப்போ எல்லாம் இது தெரியவே இல்ல, உள்ள நின்னா தான் தெரியுது. ஆயிரத்துல ஒரு பங்கா கொறைச்சு ஸ்கேல அப்ளை பண்ணி, என் ஆபிஸ் கதவயே டேப் வெச்சு அளந்து மாடல்ல ஒரு கதவோட ஒப்பிட்டுப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன். யாராச்சும் இந்த வேலைக்கு இறங்கறீங்கன்னா இத மறக்காதீங்க, ஸ்கேல் கொஞ்சம் தப்பா இருந்தாலும் கிளையண்ட் சொல்ற ஒவ்வொரு கருத்தும் தப்பாயிடும்.

நேத்து சாயங்காலம் பொள்ளாச்சி கிளையண்ட் குடும்பத்தோட வந்தாங்க. ஈவில லைட்ட எல்லாம் கொறைச்சு, தோட்டத்து மரத்த எல்லாம் மறைச்சு, கிச்சன், டைனிங், ஸ்டோர் மட்டும் வெச்சிருந்தேன். பையனும் மருமகளும் பாத்தாங்க, நல்லாருக்குன்னாங்க, எப்பவும் சொல்றது தான். அப்புறம் அந்தம்மா, அவருக்கு அறுபத்தஞ்சு வயசு இருக்கும், நாலடி ஒன்பது அங்குலம் தான், எனக்கெதுக்கு தம்பி இதெல்லாம்னு சொல்லிட்டே இருந்தாங்க, நான் சேர போட்டு பக்கத்துல நின்னு மெதுவா மாட்டி விட்டேன். கண்ணாடிய வேற கழட்ட வேண்டியதில்லாம உள்ளயே அடங்கிடுச்சு. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் எழுந்து நின்னுட்டாங்க.

கைல ரெண்டு கன்ட்ரோலர் இருக்குது இல்லீங்களா, அத ரெண்டு பக்கமும் குண்டா காது பிடிக்கற மாதிரி பிடிச்சுட்டு அடுப்பு முன்னாடி போயி நின்னாங்க. அப்படியே தூக்கி சிங்க்கு பக்கம் சாய்ச்சாங்க. மறுபடி ஒரு தடவ. அப்புறம் என்னப் பாத்து இல்ல, என் குரல் வந்த பக்கம் திரும்பி, "ஏந்தம்பி, மேடை மேல அடுப்பு, அடுப்பு மேல குண்டா, இதுல சோறு வடிக்கறதுன்னா கைய தோளுக்கு மேல தூக்கோணுமே, ரெண்டு படி அரிசி போட்டா எப்படித் தூக்கறது"ன்னாங்க. மேடை 34 இன்ச், மருமக உசரத்துக்கு வெச்சது. அந்த வீட்ல தெனம் சமைக்கறது யாருன்னு நான் இத்தன மாசத்துல ஒரு தடவ கூட கேக்கல.

உக்காந்து அங்கயே அளவு மாத்துனேன், 33, 32, 31, ஒவ்வொண்ணுக்கும் அவங்க அதே மாதிரி தூக்கி சாய்ச்சுப் பாத்தாங்க. 31ல தலையாட்டுனாங்க. மருமகளும் மாட்டிப் பாத்துட்டு, அத்தைக்கு சரியா இருந்தா எனக்கும் சரி, அடுப்பு மட்டும் மேடைக்குள்ள இறக்கி வெச்சுடலாம்னு சொன்னாங்க, அது எனக்கே தோணல.

ஸ்டோர் ரூம் கதவயும் தொறந்து மூடிப் பாத்தோம், ஃபிரிட்ஜுல இடிக்கல. திருத்துன டிராயிங்க காலைல மேஸ்திரிக்கு அனுப்பிட்டேன். அடுத்தது கோடோல கதவு நெஜமாவே கையால தொறக்கற மாதிரி பண்ணணும்னு இருக்கேன், பனைமரக்காடு நண்பா, தனியா ஒரு இழை ஆரம்பிக்கறேன், அங்க வந்துடுங்க.